ஒன்பதாம் அத்தியாயம்: மலர் அணிந்த கோடைக் கவுன்

மேஜை விரிப்பும் குழந்தைத் தொப்பியும் தோள் சால்வையும் பின்னிப் பழகியவர்களுக்குக் கண்ணிகளைப் பற்றிய சந்தேகம் இனி இராது. ஆயினும், தட்டையாகக் கிடக்கும் ஒரு பொருளைப் பின்னுவதற்கும், மார்பில் விரிந்து இடையில் ஒடுங்கி இடுப்பில் மீண்டும் விரிகின்ற உடலோடு படிந்து நிற்க வேண்டிய ஒரு கவுனைப் பின்னுவதற்கும் பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு. தையற்காரர் துணியை மேஜையில் விரித்து, கோடு கிழித்து, மிகுந்ததைக் கத்தரியால் நீக்கி, டார்ட் பிடித்து உருவத்தைக் கொண்டுவந்துவிடுகிறார். குரோஷா பின்னுகிறவருக்கு அந்தச் சௌகரியம் இல்லை. பின்னிய துணியில் கத்தரி பட்ட மாத்திரத்தில் அறுந்த நூலைத் தொடர்ந்து கண்ணிகள் அவிழத் தொடங்கும். ஆகவே கத்தரி செய்யும் வேலை முழுவதையும் இங்கே எண்ணிக்கை செய்தாக வேண்டும். எந்த வரிசையில் எத்தனை கண்ணி, எந்த இடத்தில் குறைப்பது, எந்த இடத்தில் கூட்டுவது என்பதைக் காகிதத்தில் முதலில் தீர்மானித்துவிட்டு ஊசியைக் கையில் எடுப்பவருக்கு இந்தக் கவுன் எளிய வேலை. ஊசியை எடுத்த பிறகு தீர்மானிக்கலாம் என்று இருப்பவருக்கு இதைவிடச் சிரமமான வேலை வேறில்லை.

இந்தக் கணக்கே இந்த அத்தியாயத்தின் உயிர்நாடி. மலர்கள் அதற்குப் பின்னால் வருபவை. கவுன் உடலில் சரியாகப் படியாவிட்டால் எத்தனை ரோஜா வைத்துத் தைத்தாலும் அந்தக் குறை மறையாது. சரியாகப் படிந்துவிட்டால் ஐந்தாறு மலர்களே அதற்குப் போதிய ஆபரணமாகிவிடும்.

மலர்ப் பின்னலின் வரலாறு

இங்கே நாம் கையாளப்போகும் அடுக்கு ரோஜாவும் விளிம்பு வெட்டிய இலையும் அயர்லாந்து தேசத்துப் பின்னலைச் சேர்ந்தவை. 1845-ஆம் ஆண்டு முதல் அங்கே உருளைக்கிழங்குப் பயிர் நோய் கண்டு அழிந்து, கொடிய பஞ்சம் பரவி, குடியானவக் குடும்பங்கள் பிழைக்க வழியின்றித் தவித்த காலத்தில், கார்க் பிரதேசத்தின் கன்னிமடத்துச் சகோதரிகளும், 1847-இல் குளோனெஸ் என்ற ஊரில் பாதிரியாரின் மனைவியான கசாண்ட்ரா ஹாண்ட் அம்மையாரும் ஏழைப் பெண்களுக்கு இந்தத் தொழிலைக் கற்பித்துப் பரப்பினார்கள். வெனிஸ் நகரத்து விலையுயர்ந்த ஊசி லேஸின் தோற்றத்தை, குறைந்த நேரத்திலும் குறைந்த செலவிலும் ஒரு கொக்கி ஊசியைக் கொண்டு உண்டாக்க முடிந்ததுதான் அதன் வெற்றிக்குக் காரணம். ஒருத்தி ரோஜா மட்டும் பின்னுவாள்; மற்றொருத்தி இலை மட்டும் பின்னுவாள்; இவற்றையெல்லாம் சேகரித்து, வலைப் பின்னலால் இணைத்து முழு ஆடையாக்குவது வேறு சிலரின் பொறுப்பு. நம் நாட்டிலும் கோதாவரிக் கரையில் நரசாபுரத்தைச் சுற்றியுள்ள கிராமங்களில் லேஸ் பின்னும் பெண்களிடையே, துண்டுகளைப் பின்னுகிறவர்கள் வேறு, அவற்றை இணைக்கிறவர்கள் வேறு என்ற பிரிவினை இருந்துவந்திருக்கிறது.

இதிலிருந்து நமக்குக் கிடைக்கும் பிரயோஜனமான பாடம் ஒன்று உண்டு. மலரைக் கவுனோடு சேர்த்துப் பின்ன வேண்டியதில்லை. தனியே பின்னி வைத்துக்கொண்டு, கவுன் பூர்த்தியான பிறகு அதற்குரிய இடம் பார்த்துப் பொருத்தினால் இரண்டுமே குறையின்றி அமையும்.

நூலும் ஊசியும்

கோடை ஆடைக்குப் பருத்தி நூலைத் தவிர வேறொன்றை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். பருத்தி சாதாரண நிலையிலேயே தன் எடையில் ஏறக்குறைய 8 சதவீதம் ஈரத்தைத் தாங்கிக்கொள்ளும் இயல்புடையது. உல்லனைப் போலத் தோன்றி மலிவாகக் கிடைக்கும் அக்ரிலிக் நூலுக்கு அதில் கால் பங்கு சக்திகூடக் கிடையாது. ஆதலால் அது வியர்வையை உறிஞ்சாமல் உடம்பிலேயே தங்கவிட்டுப் புழுக்கத்தை உண்டாக்கும். பருத்தியிலும் 'மெர்சரைஸ்டு' என்று அட்டையில் அச்சிட்ட நூலே உத்தமம். லங்காஷயரைச் சேர்ந்த ஜான் மெர்சர் 1850-இல் காப்புரிமை பெற்ற முறைப்படி நூலைக் கடுங்காரத்தில் நனைத்தால் அது வலுப்பட்டுச் சாயத்தையும் நன்றாகப் பிடிக்கிறது. அவ்வாறு நனைக்கும்போதே நூலை இழுத்துப் பிடித்து வைத்தால் பட்டுப் போன்ற பளபளப்பு உண்டாகும் என்பதை 1890-ஆம் ஆண்டளவில் ஹொரேஸ் லோ கண்டறிந்தார். இவ்விரண்டு குணங்களும் கவுனுக்கு வேண்டியவையே. ஆனால் இந்த நூல் வழுக்கும் தன்மையுடையது; நுனிகளை முடிக்கும்போது அதற்கேற்ற கவனம் வேண்டும் என்பதை இப்போதே ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

தேவையான பொருள்கள்:

கவுனுக்கு: மூன்றிழை மெர்சரைஸ்டு பருத்தி நூல், ஏறக்குறைய 400 கிராம்.

மலர்களுக்கும் இலைகளுக்கும்: 20-ஆம் நம்பர் குரோஷா நூல், இரண்டு அல்லது மூன்று நிறங்களில், மொத்தம் 100 கிராம். (நூலின் நம்பர் கூடக் கூட நூல் மெலியும்.)

ஊசிகள்: 2, 2.5, 2.75, 3 மில்லிமீட்டர் குரோஷா ஊசிகள், மலர்களுக்கு 1.25 மில்லிமீட்டர் எஃகு ஊசி.

மற்றவை: மழுங்கிய முனையுள்ள தையல் ஊசி, அளவு டேப், ஒரு டஜன் சிறிய ஊக்குகள், 11 சிறிய பொத்தான்கள், தோளுக்கு ஒரு முழம் பருத்தி நாடா, கணக்கு எழுத ஒரு நோட்டு.

நூற்கண்டு வாங்கும்போது அட்டையில் சாயத்தின் லாட் எண் அச்சிட்டிருக்கும். எல்லாக் கண்டுகளிலும் அது ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்து, தேவைக்கு ஒரு கண்டு மிகுதியாகவே வாங்கிவிடுங்கள். ஒரே நிறப் பெயர் கொண்ட நூலானாலும் லாட் மாறினால் இடுப்புக்குக் கீழே ஒரு கோடு போட்டது போல நிறம் மாறிக் காட்டும்.

கண்ணிகளின் பெயர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஊசியில் நூலைச் சுற்றாமலே பின்னுவதை ஒற்றை என்றும், ஒரு சுற்றுச் சுற்றிப் பின்னி இருமுறையாக முடிப்பதை இரட்டை என்றும், அதையே ஒருமுறையாக முடிப்பதை அரை இரட்டை என்றும் இந்நூலில் வழங்கிவருகிறோம். இது அமெரிக்கப் புத்தகங்களின் வழக்கு. ஆங்கிலேயப் புத்தகங்களில் நம் ஒற்றைக்குத்தான் 'டபிள்' என்று பெயர். நம் இரட்டையை அவர்கள் 'ட்ரெபிள்' என்பார்கள். வேறு புத்தகத்திலிருந்து மலர் மாதிரியை எடுத்தாள்பவர்கள் அந்தப் புத்தகம் எந்தத் தேசத்தது என்று பார்த்துக்கொள்வது அவசியம்.

அளவெடுத்தலும் மாதிரித் துண்டும்

அணியப்போகும் உள்ளாடையோடு நிற்கச் செய்து அளவெடுக்க வேண்டும். மார்பின் நிறைந்த இடத்துச் சுற்றளவு, இடையின் மெலிந்த இடத்துச் சுற்றளவு, இடுப்பின் பருத்த இடத்துச் சுற்றளவு, அக்குளிலிருந்து இடை வரை, இடையிலிருந்து இடுப்பு வரை, அங்கிருந்து முழங்கால் வரை ஆகிய உயரங்கள், கைக்குழியின் உயரம், இவற்றோடு மார்பின் இரு முனைகளுக்கும் இடையேயுள்ள தூரம் ஆகிய எட்டையும் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். மூன்று சுற்றளவுகளோடும், தையற்காரர்கள் லூசு என்று சொல்லும் தளர்ச்சிக்காக 4 சென்டிமீட்டர் கூட்டுங்கள். கம்பளி நூலைப் போலப் பருத்தி இழுத்த பிறகு தானாகச் சுருங்கி வராது. ஆகவே லூசு விடாமல் இறுக்கமாகப் பின்னினால் கவுன் உடலில் படியாமல் பிடித்திழுக்கும். அளவுக்கு மீறி விட்டாலோ சில நாளில் தொங்கிப்போகும்.

இந்த அத்தியாயத்தில் உதாரணமாக மார்பு 86, இடை 70, இடுப்பு 92 சென்டிமீட்டர் உள்ள ஒருவருக்குக் கணக்கிடுகிறோம். லூசு சேர்த்து இவை முறையே 90, 74, 96 ஆகின்றன.

இனி மாதிரித் துண்டு. 2.5 மில்லிமீட்டர் ஊசியால் இரட்டைக் கண்ணியில் 15 சென்டிமீட்டர் நீளமும் அதே அகலமும் உள்ள ஒரு சதுரத்தைப் பின்னுங்கள். பின்னிய கையோடு டேப்பை வைத்து அளந்துவிடக் கூடாது. அதைக் கழுவி, உலர்த்தி, பின்பு மேல் விளிம்பை ஒரு கொடியில் மாட்டி, கீழ் விளிம்பில் துணி மாட்டும் கிளிப்புகள் நான்கைந்தைத் தொங்கவிட்டு ஓர் இரவு வைத்திருங்கள். உடுத்தும்போது கவுன் முழுவதும் தன் பாரத்தால் கீழ்நோக்கி இழுபடும்; அந்த இழுப்பை இந்தச் சிறு துண்டுக்கு முன்கூட்டியே காட்டிவிட்டால், பின்னால் முழங்காலுக்கு நிற்க வேண்டிய கவுன் கெண்டைக்காலுக்கு இறங்கும் விபத்து நேராது. காலையில் துண்டின் நடுவே 10 சென்டிமீட்டர் மட்டும் அளந்து, குறுக்கே எத்தனை கண்ணி, நெடுக்கே எத்தனை வரிசை என்று எண்ணுங்கள். நம் உதாரணத்தில் 22 கண்ணியும் 12 வரிசையும் வருவதாகக் கொள்வோம். உங்கள் கைக்கு வேறு எண் வந்தால் அந்த எண்ணையே பிரமாணமாகக் கொள்ளுங்கள். புத்தகத்து எண்ணுக்காகக் கையை இறுக்கவோ தளர்த்தவோ முயன்றால் பாதி வழியில் கை தன் பழக்கத்துக்குத் திரும்பிவிடும்.

அந்தத் துண்டை நகைத் தராசு போன்ற நுட்பமான தராசில் நிறுத்தும் பாருங்கள். கவுனின் மொத்தப் பரப்பு ஏறக்குறைய 7,900 சதுர சென்டிமீட்டர். துண்டின் பரப்பு 225. எனவே கவுன் துண்டைப் போல 35 மடங்கு. துண்டு 10 கிராம் இருந்தால் கவுனுக்கு 350 கிராம் பிடிக்கும். ஓரங்களுக்கும் எதிர்பாராத செலவுக்குமாக 50 கிராம் சேர்த்தால் மேலே சொன்ன 400 கிராம் கணக்குக்கு வரும்.

கணக்கு

10 சென்டிமீட்டருக்கு 22 என்றால் 1 சென்டிமீட்டருக்கு 2.2 கண்ணி. மார்புக்கு 90-ஐ 2.2-ஆல் பெருக்க 198 வருகிறது. இடைக்கு 74-ஐப் பெருக்க 162-க்குச் சற்று மேல். 162 என்று வைத்துக்கொள்வோம். இடுப்புக்கு 96-ஐப் பெருக்க 211-க்குச் சற்று மேல்; அதை 210 ஆக்கிக்கொள்வோம். இவ்வாறு முழுமைப்படுத்துவதற்குக் காரணம் உண்டு. மார்பிலிருந்து இடைக்குக் குறைய வேண்டியது 36; இடையிலிருந்து இடுப்புக்குக் கூட வேண்டியது 48; இரண்டுமே 6-ஆல் மீதியின்றி வகுபடுகின்றன. உடலைச் சுற்றி ஆறு இடங்களில் குறைப்பதும் கூட்டுவதும் நம் முறையாதலால் இது மிகவும் அவசியம்.

அந்த ஆறு இடங்கள் எவை? பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு. மார்பின் இரு முனைகளுக்கு நேர் கீழே இரண்டு. முதுகின் இரு பாதிகளுக்கு நடுவே இரண்டு. குறைப்பதை எல்லாம் பக்கங்களிலேயே வைத்தால் பக்கம் மட்டும் வளைந்து, முன்புறம் பலகை போல நிற்கும். உருவம் முன்னும் பின்னும் பக்கங்களிலுமாகச் சீராக ஒடுங்குவதால் ஒடுக்கமும் ஆறு இடங்களில் பங்கிடப்பட வேண்டும்.

முதுகின் நடுவே பொத்தான் வைத்த திறப்பு இருக்கும். ஆதலால் வரிசை வலது முதுகில் தொடங்கி, முன்புறத்தைச் சுற்றிக்கொண்டு, இடது முதுகில் முடியும். வலது முதுகு 49, முன்புறம் 100, இடது முதுகு 49, ஆக 198. மார்பு முனைகளுக்கு இடையே 18 சென்டிமீட்டர் என்றால் அது ஏறக்குறைய 40 கண்ணி; முன்புறத்தின் 100-இல் நடுவே 40-ஐ விட்டால் இரு பக்கமும் 30. எனவே 25, 49, 79, 119, 149, 174 ஆகிய கண்ணிகளில் ஊக்கு மாட்டினால் ஆறு இடங்களும் அமைந்துவிடும். வரிசை ஏற ஏற ஊக்குகளையும் மேலே மாற்றிக்கொண்டே வாருங்கள்.

மார்பிலிருந்து இடை வரை

அக்குள் மட்டத்தில் தொடங்கிக் கீழ்நோக்கிப் பின்னுகிறோம். மேல்புறத்தைப் பிறகு இதே அடிச் சங்கிலியின் மறுபக்கத்தில் பின்னப்போவதால் சங்கிலி இறுகாமல் இருக்க வேண்டும். அதற்காக 3 மில்லிமீட்டர் ஊசியால் 200 சங்கிலி போட்டு, பின்பு 2.5 ஊசிக்கு மாறி, ஊசியிலிருந்து மூன்றாவது சங்கிலியில் முதல் இரட்டையைப் போடுங்கள். விட்டுப்போன இரண்டு சங்கிலியும் திருப்பத்துக்கு உரியவை. அவற்றைக் கண்ணியாக எண்ணாதீர்கள். வரிசை முடிவில் 198 இரட்டை இருக்கும். திருப்பத்துக்கு மூன்று சங்கிலி போடுவதே பலருடைய வழக்கம். ஆனால் அந்த மூன்றாவது சங்கிலி ஓரத்தில் ஒரு சிறு பொந்தை விட்டுவிடுகிறது. திறப்பின் ஓரம் ஒழுங்காக அமைய வேண்டிய இந்தக் கவுனில் இரண்டே போதும்.

முதல் 5 வரிசை குறைக்காமல் பின்னுங்கள். மார்பின் நிறைவு அக்குளுக்குச் சற்றுக் கீழே இருப்பதால் இந்த 4 சென்டிமீட்டர் அதற்கு இடம் தருகிறது. பிறகு 6, 9, 12, 15, 18, 21 ஆகிய வரிசைகளில் ஆறு ஊக்கு இடங்களிலும் ஒவ்வொரு கண்ணி குறையுங்கள். குறைப்பது எப்படியெனில், முதல் இரட்டையைக் கடைசி இழுப்புக்கு முன் நிறுத்தி, அடுத்த கண்ணியிலும் அவ்வாறே செய்து, ஊசியில் நிற்கும் மூன்று கண்களையும் ஒரே இழுப்பில் முடிப்பது. ஒவ்வொரு குறைப்பு வரிசையிலும் 6 குறைந்து, 21-ஆம் வரிசை முடிவில் 162 எஞ்சும். 22 முதல் 24 வரை மூன்று வரிசை அப்படியே பின்னுங்கள். இதுவே இடை, அக்குளிலிருந்து 20 சென்டிமீட்டர்.

இந்த இடத்தில் ஊசியை வைத்துவிட்டு, கவுனை உடலில் சுற்றி, முதுகில் ஊக்கு மாட்டிப் பாருங்கள். மார்பில் விளிம்புகள் விலகி நிற்காமலும் இடையில் துணி மடிப்பு விழாமலும் இருந்தால் கணக்குச் சரி. இல்லாவிட்டால் பிரித்துவிடத் தயங்க வேண்டாம். இப்போது பிரிப்பது ஒரு மாலைப் பொழுதின் வேலையே. முழுக் கவுனில் ஏறக்குறைய 20,000 கண்ணிகள் இருக்கின்றன. குறை என்று தெரிந்தும் அதன்மேல் மீதியை அடுக்கிக்கொண்டு போவதில் எந்த லாபமும் இல்லை.

இடையிலிருந்து முழங்கால் வரை

இடைக்குக் கீழே வரிசை எண்ணை மறுபடி 1 என்று தொடங்குங்கள். ஒவ்வொரு மூன்றாம் வரிசையிலும் ஆறு இடங்களிலும் ஒரே கண்ணியில் இரண்டு இரட்டை போட்டுக் கூட்டி வந்தால், 24-ஆம் வரிசையில் எட்டு முறை கூட்டி 210 கண்ணியை அடைவீர்கள். இந்த 20 சென்டிமீட்டரில் ஆறாம் வரிசையோடு முதுகுத் திறப்பு முடிகிறது. ஏழாம் வரிசையிலிருந்து இரு முனைகளையும் நழுவல் கண்ணியால் இணைத்துச் சுற்றாகப் பின்ன வேண்டும். சுற்றாகப் பின்னினாலும் ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் திருப்பிக்கொண்டு எதிர்த்திசையில் பின்னுவது முக்கியம். ஒரே திசையில் சுற்றிக்கொண்டே போனால் ஒவ்வொரு கண்ணியும் கீழ்க்கண்ணிக்குச் சற்றுப் பக்கவாட்டில் சாய்ந்து நிற்பதால், முப்பது நாற்பது சுற்றில் பக்கக்கோடு முறுக்கிக்கொண்டு முன்புறம் வந்துவிடும்.

இடுப்புக்குக் கீழே முழங்கால் வரை இன்னும் 36 சென்டிமீட்டர். இங்கே கண்ணியைக் கூட்டாமலே ஆடையை விரிக்க ஓர் உபாயம் இருக்கிறது. முதல் 12 சென்டிமீட்டரை 2.5 ஊசியிலும், அடுத்த 12-ஐ 2.75 ஊசியிலும், கடைசி 12-ஐ 3 மில்லிமீட்டர் ஊசியிலும் பின்னினால், அதே 210 கண்ணிகள் ஒவ்வொன்றும் சற்றே பெரிதாகி, நடக்கக் காலுக்கு இடம் தந்து இயல்பாக விரியும். கூட்டிய அடையாளம் எங்கும் தெரியாது. ஊசி பெரிதானால் வரிசையின் உயரமும் கூடுமாதலால் இந்தப் பகுதியில் வரிசையை எண்ணாமல் டேப்பால் அளந்து நிறுத்துங்கள்.

தோளும் கழுத்தும்

இப்போது அடிச் சங்கிலியின் மறுபக்கத்துக்கு வருகிறோம். இரு பக்கக்கோடுகளிலும் முன்னால் 5, பின்னால் 5 ஆகப் பத்துக் கண்ணியை அக்குளுக்காக விட்டுவிடுங்கள். முன்புறத்தில் 90 எஞ்சும். முதல் 9 வரிசையில் இரு ஓரங்களிலும் வரிசைக்கு ஒவ்வொன்று குறைத்தால் 72. பத்தாம் வரிசை அப்படியே. 11-ஆம் வரிசையில் நடுவிலுள்ள 32 கண்ணியைக் கழுத்துக்காக விட்டு, ஒரு பக்கத்து 20 கண்ணியை மட்டும் பின்னுங்கள். 12 முதல் 15 வரை கழுத்து ஓரத்தில் வரிசைக்கு ஒன்று குறைத்து 16 ஆக்கி, 22-ஆம் வரிசை வரை கொண்டுபோய் முடியுங்கள். மறுபக்கமும் அவ்வாறே. முதுகின் ஒவ்வொரு பாதியிலும் 44 இருக்கும்; கைக்குழி ஓரத்தில் 9 குறைத்து 35 ஆக்கி, 20-ஆம் வரிசை வரை நேராகப் பின்னி, கடைசி இரண்டு வரிசைகளைத் தோளுக்குரிய 16 கண்ணியில் மட்டும் பின்னினால் பின்கழுத்து அமைந்துவிடும்.

தோள்களை உட்புறத்தில் நழுவல் கண்ணியால் இணைத்து, அந்த இணைப்பின் மேலேயே பருத்தி நாடாவை வைத்துத் தைத்துவிடுங்கள். கவுனின் பாரம் முழுவதும் பக்கத்துக்கு 16 கண்ணியான அந்த இரு சிறு இணைப்புகளிலேயே தொங்குகிறது; நாடா இல்லாவிட்டால் தோள் நாளடைவில் இழுபட்டு இறங்கும்.

கழுத்திலும் கைக்குழியிலும் 2 மில்லிமீட்டர் ஊசியால் ஒரு சுற்று ஒற்றை போட்டு, அதன்மேல் இடமிருந்து வலமாகப் பின்னோக்கிச் செல்லும் ஒற்றையால் மற்றொரு சுற்றுப் போட்டால், கயிறு முறுக்கியது போன்ற உறுதியான விளிம்பு கிடைக்கும். முதுகுத் திறப்பின் வலது ஓரத்தில் ஒரு வரிசைக்கு இரண்டு கண்ணி வீதம் ஒற்றையில் மூன்று வரிசை பின்னிப் பட்டி அமையுங்கள். அது இடது ஓரத்தின் அடியில் செல்லும். அதில் பொத்தான்களை 4 சென்டிமீட்டருக்கு ஒன்றாகத் தையுங்கள். இடது ஓரத்தில் ஒரு வரிசை ஒற்றை போட்டு, பொத்தானுக்கு நேரே மும்மூன்று சங்கிலியில் காதுகள் விடுங்கள்.

கீழ் விளிம்புக்குச் சிப்பி வேலை பொருந்தும்: ஓர் ஒற்றை, இரண்டு கண்ணி விட்டு ஒரே கண்ணியில் ஐந்து இரட்டை, மறுபடி இரண்டு விட்டு ஓர் ஒற்றை. ஒரு சிப்பிக்கு 6 கண்ணி; 210 கண்ணியில் குறைவும் மிகுதியும் இல்லாமல் 35 சிப்பிகள்.

ரோஜாவும் இலையும்

20-ஆம் நம்பர் நூலிலும் 1.25 ஊசியிலும் 6 சங்கிலி போட்டு வளையமாக இணைத்துக்கொள்ளுங்கள்.

முதல் சுற்று: 6 சங்கிலி (இதில் 3 ஓர் இரட்டைக்கு ஈடு), பின்பு வளையத்துக்குள் ஓர் இரட்டை, 3 சங்கிலி என்று ஐந்து முறை, ஆரம்பத்தின் மூன்றாம் சங்கிலியில் இணைத்தால் ஆறு இடைவெளிகள்.

இரண்டாம் சுற்று: ஒவ்வோர் இடைவெளியிலும் ஓர் ஒற்றை, ஓர் அரை இரட்டை, மூன்று இரட்டை, ஓர் அரை இரட்டை, ஓர் ஒற்றை. ஆறு சிற்றிதழ்கள் அமையும்.

மூன்றாம் சுற்று: இதழ்களை முன்னால் மடித்துக்கொண்டு, அவற்றின் முதுகுப்புறத்தில், முதல் சுற்றின் ஒவ்வோர் இரட்டைத் தண்டையும் சுற்றி ஓர் ஒற்றை, இடையே 5 சங்கிலி.

நான்காம் சுற்று: அந்த 5 சங்கிலி வளைவு ஒவ்வொன்றிலும் இரண்டாம் சுற்றைப் போலவே, ஆனால் நடுவே ஐந்து இரட்டை.

ஐந்தாம், ஆறாம் சுற்று: மறுபடி முதுகுப்புறத்தில், மூன்றாம் சுற்றின் ஒற்றைகளைச் சுற்றி 7 சங்கிலி வளைவுகள், அவற்றில் நடுவே ஏழு இரட்டை கொண்ட இதழ்கள்.

இப்படி மூன்றடுக்குள்ள, சுமார் 4 சென்டிமீட்டர் அகலமுள்ள ரோஜா கிடைக்கும். நான்காம் சுற்றோடு நிறுத்தினால் பாதி விரிந்த மலர். இரண்டாம் சுற்றோடு நிறுத்தினால் மொட்டு. மூன்றையும் கலந்து வைத்தால்தான் கொடிக்கு உயிர் வரும்.

இலைக்கு 15 சங்கிலி போட்டு, அதன் ஒரு பக்கம் நெடுக ஒற்றையில் சென்று, நுனியில் மூன்று ஒற்றை போட்டுத் திரும்பி, மறுபக்கத்தில் முனைக்கு மூன்று கண்ணி இருக்கும்போதே நிறுத்தித் திருப்புங்கள். இனி ஒவ்வொரு வரிசையிலும் கண்ணியின் பின்பக்க இழையை மட்டும் எடுத்துப் பின்னி, ஒவ்வொரு முனையிலும் மூன்று கண்ணிக்கு முன்பே திரும்பினால், நரம்போடியது போன்ற வரிகளும் பல்லுப் பல்லான விளிம்பும் தாமே உண்டாகும். இலை மேலும் எடுப்பாக நிற்க வேண்டுமானால், அயர்லாந்துப் பெண்கள் செய்ததைப் போல, ஒரு தடித்த நூலை விளிம்போடு சேர்த்துப் பிடித்து, அதை உள்ளடக்கிப் பின்னலாம்.

மலர்களைப் பொருத்துதல்

தைப்பதற்கு முன், நிற நூலை நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திப் பாருங்கள். சாயம் ஒட்டினால், ஒட்டாதவரை அலசிய பிறகே வெளிர் நிறக் கவுனில் வைக்கலாம்.

மலர் வைக்கும் இடம் உடலில் அசையாத இடமாக இருக்க வேண்டும். கழுத்தின் முன் வளைவு, தோளுக்குக் கீழே, இடைக்குச் சற்று மேலே ஒரு பக்கம், கீழ் விளிம்பு ஆகியவை தகுந்தவை. கை உரசும் பக்கவாட்டிலும், உட்காரும் இடத்திலும், மார்பின் முனையிலும் மலர் வைக்கலாகாது. முதல் இரண்டில் மலர் நசுங்கும், மூன்றாவதில் கண்ணுக்கு உறுத்தும். ஆறு குறைப்புக் கோடுகளில் ஒன்றை ஒட்டி, இடது தோளிலிருந்து இடைக்குச் சரிந்து இறங்கும் கொடியாக வைப்பது எனக்கு மிகவும் உகந்த அமைப்பு. மேலே மூன்று முழு ரோஜா, நடுவே இரண்டு பாதி மலர், கீழே மொட்டுகள் என்று போகப் போகச் சிறிதாக்கினால், பார்ப்பவர் கண் மலர்களோடு இறங்கி இடையின் ஒடுக்கத்தில் வந்து நிற்கும். இவ்வாறு கணக்கினால் உண்டாக்கிய வடிவை மலர் எடுத்துக் காட்டுகிறது.

கவுனை மேஜையில் தட்டையாக விரித்து மலரைத் தைக்காதீர்கள். உள்ளே ஒரு தலையணையை நுழைத்து, உடலில் விரிவது போல விரியச் செய்து, ஊக்குகளால் மலர்களை நிறுத்தி, நான்கடி தள்ளி நின்று பார்த்துத் திருப்தியான பிறகே தையுங்கள். தட்டையாகத் தைத்த நூல் கவுன் விரியும்போது விரியாமல், மலரைச் சுற்றித் துணியைச் சுருக்கிவிடும். மலரின் நடுவையும் மூன்றாம் அடுக்கின் அடியையும் மட்டும் சிறிது தளர்வாகத் தைத்து, இதழ்களை விடுதலையாக விட்டுவிடுங்கள். இலையின் நடு நரம்பைத் தைத்து விளிம்பைத் தூக்கி விடுங்கள்.

நூல் நுனிகளை முடிச்சுப் போட்டு நறுக்கினால் மெர்சரைஸ்டு நூலில் முடிச்சு வழுக்கி அவிழும். ஒவ்வொரு நுனியையும் 5 சென்டிமீட்டர் ஒரு திசையில் கண்ணிகளுக்குள் செலுத்தி, பிறகு எதிர்த்திசையில் திருப்பிச் செலுத்திய பின்பே நறுக்க வேண்டும். புதுக் கண்டைப் பக்கக்கோட்டில் மட்டும் தொடங்கினால் இந்த நுனிகள் எவர் கண்ணிலும் படா.

உடுத்தலும் பராமரிப்பும்

இரட்டைக் கண்ணியின் இடைவெளிகள் வழியே காற்றுப் புகுவதே கோடையில் இதன் சுகம். அந்த இடைவெளி வழியே உடல் தெரியாதிருக்க, தனியே மெல்லிய பருத்தி ஸ்லிப் ஒன்று தைத்துக்கொள்ளுங்கள். கவுனோடு லைனிங் சேர்த்துத் தைப்பது நல்லதன்று. துணியும் பின்னலும் ஒரே அளவில் நீள்வதில்லை.

துவைக்கும்போது மிருதுவான சோப்புக் கரைசலில் அழுத்தியெடுத்து, முறுக்காமல், ஒரு துண்டில் சுருட்டி நீரை வாங்கி, நிழலில் தட்டையாகப் பரப்பி உலர்த்துங்கள். கொடியில் தொங்கவிட்டால் நீரின் பாரமும் சேர்ந்து கவுனை நீட்டிவிடும். ஈரமாக இருக்கையிலேயே இதழ்களை விரலால் ஒவ்வொன்றாக நிமிர்த்திவிட்டால் இஸ்திரி தேவைப்படாது. பெட்டியிலும் மடித்து வையுங்கள். ஹாங்கரில் மாட்டி வைக்க வேண்டாம்.

கடைசியாக, நோட்டைப் பத்திரப்படுத்துங்கள். அளவுகள், மாதிரித் துண்டின் எண்ணிக்கை, குறைத்த வரிசைகள், கூட்டிய வரிசைகள், ஊசி மாற்றிய இடங்கள் எல்லாம் அதில் கிரமமாக இருந்தால், அடுத்த கோடையில் தங்கைக்கோ மகளுக்கோ பின்ன நேரும்போது மாற்ற வேண்டியவை சுற்றளவுகளும் உயரங்களும் மட்டுமே. அவற்றை உங்கள் கண்ணி எண்ணிக்கையால் பெருக்கி, 6-ஆல் வகுபடும்படி முழுமையாக்கி, வித்தியாசத்தை வரிசைகளில் பங்கிட்டுக்கொண்டால், இந்தப் புத்தகத்தைத் திறக்காமலே எந்த உடலுக்கும் ஒரு கவுனை உங்களால் வகுக்க முடியும்.